மகனின் பெயரையே ஆபாசம் என்கிறார்கள்: நம்பர் பிளேட் மறுப்பை எதிர்க்க வழி உண்டா?

தேவகி:
என் மகன் ஹர்ஷித் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். இப்போதுதான் ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழில் கடைசி ‘எச்’ இல்லாமல் ஆங்கிலத்தில் ஏழே எழுத்தில் அவன் பெயரைப் பதிந்திருக்கிறோம். எங்கள் மாநிலத்தில் விரும்பிய எழுத்துகளை நம்பர் பிளேட்டில் போட ஏழு இடம் தருகிறார்கள். கூடுதல் கட்டணம் கட்டி அவன் பெயரைக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் ஆங்கிலத்தில் என்ன வசைச்சொல் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். நடுநிலைப் பள்ளியில் அதை வைத்தே அவனைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஆசிரியர் வருகைப் பதிவை வாசிக்கும்போதே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். “ஹாரி என்று கூப்பிடட்டுமா?” என்று கேட்ட ஆசிரியரிடம், “என் பெயர் ஹர்ஷித்” என்று சொன்ன பிள்ளை இவன். காரில் முழுப் பெயரும் இருக்க வேண்டும் என்பதும் அவன் ஆசைதான்.

வந்த கடிதத்தில் ஒரே பத்தி. “நல்ல ரசனைக்கும் நாகரிகத்துக்கும் ஒவ்வாத எழுத்துச் சேர்க்கை” என்றிருக்கிறது. முடிவு செய்தவர் யார் என்று இல்லை. இதே அலுவலகம் அவனுக்குக் கொடுத்த உரிம அட்டையில் அதே ஏழு எழுத்தும் பளிச்சென்று இருக்கின்றன! அட்டையில் பெயர், தகரத்தில் ஆபாசமா? மேல்முறையீட்டுக்குக் கெடு கொடுத்திருக்கிறார்கள். இதில் யாராவது வென்றிருக்கிறார்களா?

சங்கரன் (வழக்கறிஞர்):
அம்மா, வென்றவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. சிக்கல் 2015இல் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களுக்காகப் போரிட்டவர்களின் வாரிசுகள் சங்கம், அந்தப் படையின் கொடி பொறித்த பிளேட்டைக் கேட்டது, டெக்சஸ் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சு, அரசு எதைச் சொல்ல வேண்டும் என்று தனியார் கட்டாயப்படுத்த முடியாது என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோ, சாலையோரம் உட்கார்ந்திருப்பவர் ‘கோல்ஃப் ஆடத்தான் ஆசை’ என்ற பிளேட்டைப் பார்த்தால் அதை டெக்சஸ் அரசின் கொள்கை என்றா நினைப்பார் என்று கேட்டார்.

ஆனால் அந்த வழக்கு பிளேட்டின் வடிவமைப்பைப் பற்றியது. உரிமையாளர் தேர்ந்தெடுக்கும் எழுத்துகளைப் பற்றி அதில் முடிவு சொல்லவில்லை. அவை உரிமையாளரின் பேச்சு என்றால் கருத்துச் சுதந்திரம் அவற்றைக் காக்கும், அரசின் பேச்சு என்றால் காக்காது. அதனால் தீர்ப்புகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. ‘நான் கடவுள்’ என்ற பொருளில் பிளேட் கேட்டவருக்குக் கென்டக்கி மறுத்தது. ஆனால் கடவுள் மேல் அன்பு என்று சொல்லும் பிளேட்டை வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. 2019இல் அவர் வென்றார். அவருடைய வழக்குச் செலவாக மாநிலம் 1,50,000 டாலருக்கும் மேல் கட்ட நேர்ந்தது. நீங்கள் சொல்லும் அதே ‘ரசனை, நாகரிகம்’ விதியைக் கலிஃபோர்னியாவில் 2020இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது. புற்றுநோயைத் திட்டும் பிளேட்டை மீட்கப் போராடிய பெண் டெலாவேரில் 2024இல் வென்றார். ஆனால் இந்தியானாவிலும் (2015) டென்னசியிலும் (2025) மாநில உச்ச நீதிமன்றங்கள் எழுத்துகளும் அரசின் பேச்சே என்றுவிட்டன.

பிறப்புச் சான்றிதழ், உரிம அட்டை இரண்டின் நகலையும் மேல்முறையீட்டில் இணையுங்கள். மறுத்தது எந்த விதியின் கீழ், யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

கனடாக்காரன்:
தேவகி அக்கா, சொந்தப் பெயர் என்பதாலேயே விட்டுவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். இங்கே நோவா ஸ்கோஷியாவில் கிராபர் என்ற குடும்பப் பெயர் கொண்டவர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதைப் பிளேட்டில் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ‘அவளைப் பிடி’ என்று படிக்கலாம் என ஒரு புகார் வந்ததும் பறித்துவிட்டார்கள். 2020இல் தோற்றார், அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றார்.

ராஜமாணிக்கம்:
எனக்கு உங்கள் மகன் மேல் வருத்தம்தான். ஆனால் பின்னால் வருகிற காரில் இருப்பவருக்கு அது பெயர் என்று எப்படித் தெரியும்? இன்றைக்கு உங்களுக்குத் திறந்த கதவு நாளை அந்தக் கொடிக்காரர்களுக்கும் திறக்கும். அரசு முத்திரையோடு அந்தக் கொடி முன்னால் போனால் ஒரு கறுப்பினத்தவர் மனம் என்ன பாடுபடும்?

தேவகி:
ராஜமாணிக்கம் ஐயா, அந்தக் கொடியை எனக்கும் பிடிக்காது. ஆனால் அது பிளேட்டின் வடிவமைப்பு. அரசே அச்சடித்து எல்லோருக்கும் விற்பது. இந்த ஏழு எழுத்தையோ, “நீங்களே தேர்ந்தெடுங்கள்” என்று விளம்பரம் செய்து பணம் வாங்கிவிட்டு, பிறகு “இது எங்கள் பேச்சு” என்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி’ என்ற மாநில வாசகத்தைத் தன் பிளேட்டில் மறைத்ததற்காக ஒருவரைச் சிறையிலேயே போட்டார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம், அரசின் கொள்கைக்குக் குடிமகனை நடமாடும் விளம்பரப் பலகையாக்கக் கூடாது என்றது. அந்தத் தகரம் காரோட்டியையும் பற்றியது என்று ஒப்புக்கொண்ட நாடுதானே இது? யாரோ எங்கோ தப்பாகப் படிப்பார் என்பதற்காக என் பிள்ளை தன் பெயரை மறைக்க வேண்டுமா? தப்பாகப் படித்துச் சிரித்தவர்களைத்தான் அவன் பள்ளியில் தாங்கினான். இப்போது அரசும் அவர்களோடு சேர்ந்து நிற்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கரன் சார் சொன்னபடி திங்கட்கிழமை மேல்முறையீட்டை அனுப்புகிறேன். ஹர்ஷித்தும் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறான். ரக்ஷித், தீக்ஷித், அக்ஷித் என்று பெயருள்ள யாருக்காவது எந்த மாநிலத்திலாவது இந்த மாதிரி பிளேட் கிடைத்திருந்தால் இங்கே சொல்லுங்கள். அதையும் சேர்த்து அனுப்புவேன்.