கேரவன் ஹீட்டர் கூலன்ட்: நாமே மாத்தலாமா, ஆளிடம் விடணுமா?

நாலுசக்கரவீடு:
வணக்கம். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே இருப்பது ஆல்டே கம்பெனியின் காம்பேக்ட் 3010 ஹீட்டர். கேஸிலும் ஓடும், கரன்டிலும் ஓடும். கிளைக்கால் (glycol, உறையாமல் காக்கும் திரவம்) கலந்த தண்ணீரைச் சூடாக்கி, சுவரோரமாகப் போகும் அலுமினியக் குழாய்களில் சுற்றவிடுகிற ரகம். கூலன்ட் என்று சொல்கிற அந்தத் திரவத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியை எட்டிப் பார்த்தால் கலங்கிய பழுப்பு நிறம். சர்வீஸ் செய்கிறவர், மெஷின் வைத்துத்தான் மாற்ற வேண்டும், நீங்களாகச் செய்யக் கூடாது என்கிறார். காருக்கு கூலன்ட் நானேதான் மாற்றிக்கொள்கிறேன். இதற்கும் அதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஸ்பேனர்மணி:
தாராளமா நீங்களே மாத்தலாம். மெஷின் மெஷின்னு சொல்றாங்களே, அது ஒரு டிரம், ஒரு பம்ப், ரெண்டு ஹோஸ். கேஸ் பக்கம் நாம போகவே போறதில்லை. கேஸ் எரியிற அறையும் புகைக்குழாயும் தனி, கூலன்ட் ஓடுற சுற்று தனி. கார் மாதிரி பிரஷரும் கிடையாது, மேல இருக்கிற தொட்டி காத்துக்குத் திறந்தே இருக்கு. ஹீட்டரை அணைச்சு நல்லா ஆறவிடுங்க. தரைக்கு அடியில வடிகால் திருகு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ரொம்பத் தாழ்வான இடத்துல ஒரு ரப்பர் ஹோஸ் ஜாயின்ட்டைக் கழட்டி வடிச்சிடுங்க. டிஸ்டில்டு வாட்டர் விட்டு நல்லா அலசுங்க. அப்புறம் பாதி கிளைக்கால் பாதி தண்ணியா கலந்தே வர்ற ரெடிமிக்ஸ் வாங்கி தொட்டியில நிதானமா ஊத்தி, காத்தை வெளியேத்துங்க. முடிஞ்சது வேலை.

வெந்நீர்:
நான் இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவன். என் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே எடைபோடுங்கள்.

மணி அண்ணே "காத்தை வெளியேத்துங்க" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். வேலையே அங்கேதான் இருக்கிறது. காரில் கூலன்ட் சுற்றும் தூரம் கொஞ்சம், தள்ளுகிற பம்ப்பும் பலமானது. கேரவனில் குழாய் கட்டிலுக்கு அடியில் ஓடி, கதவு வந்த இடத்தில் தரைக்குக் கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, குளியலறையைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. ஏறி இறங்கும் ஒவ்வொரு மேட்டிலும் காற்று போய் உட்காரும். பெரும்பாலான வண்டிகளில் தொட்டியோடு வருவது 12 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப். அதால் அந்தக் காற்றை அசைக்க முடியாது. பாய்லர் பக்கத்துக் குழாய் தொட முடியாமல் சுடும், படுக்கைப் பக்கம் சில்லென்று கிடக்கும். வெளியிலிருந்து மாட்டுகிற பம்ப் வேகமாகத் தள்ளி, குமிழ் வருவது நிற்கும்வரை சுற்றவிடும். அது சொகுசுக்கு வைத்திருக்கிற கருவி இல்லை.

மலைப்பாதை:
முதல்ல மாத்தணுமா வேண்டாமாங்கிறதையே யாரும் கேட்கலையே? எத்தனை டிகிரியில உறையும்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. மைனஸ் 30 டிகிரிக்குக் கீழ காட்டுச்சுன்னா உறையாது, விட்டுடுங்க. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தைப் பிரிச்சு, பழைய ஜாயின்ட்டையெல்லாம் ஆட்டிவிட்டு, இல்லாத லீக்கை வரவழைச்சுக்கிறது எதுக்கு? கிளைக்கால் தண்ணியை விட மெல்லிசான சந்துலயும் கசியும்.

வெந்நீர்:
ரிஃப்ராக்டோமீட்டர் சொல்வது கிளைக்கால் எத்தனை பங்கு என்பதை மட்டும்தான், சகோ. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் தாங்கும். பல வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்த எண் பெரிதாக மாறியிருக்காது. தீர்ந்துபோவது அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். அவை தீர்ந்த பிறகு, சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து கிளைக்காலை மெல்ல அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

எங்கே அரிக்கிறது தெரியுமா? ரப்பர் ஹோஸ் ஏறியிருக்கும் குழாய் நுனியில். ஹோஸைக் கழற்றினால் நுனியைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும், தேய்த்துவிட்டு விரலால் தடவினால் அடியில் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்படும். அந்த நிலைக்கு வந்த நுனியில் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது. சாதாரண கூலன்ட் என்றால் 2 வருடம், நீண்டநாள் ரகம் என்றால் 5 வருடம் என்று ஆல்டே கெடு வைத்திருப்பது இதற்காகத்தான். உறைவதைப் பற்றி மட்டும் யோசித்தால் கோடையில் இது கண்ணிலேயே படாது.

மலைப்பாதை:
தடுப்பான் விஷயம் சரி, ஏத்துக்கிறேன். ஆனா காலண்டரைப் பார்த்து மாத்துறதுல எனக்கு உடன்பாடு இல்லை. அமிலமா காரமான்னு காட்டுற பிஹெச் தாள் வாங்கி நனைச்சுப் பாருங்க. புது கூலன்ட் காரப் பக்கம்தான் நிக்கும், 7க்கு மேல. அதுக்குக் கீழ இறங்கியிருந்தா மாத்துங்க. இறங்கலைன்னா ஜாயின்ட் மேல கை வைக்காதீங்க.

நாலுசக்கரவீடு:
தாள் வாங்கி வருகிறேன். எந்த ரகம் ஊற்றுவது? முன்பு என்ன இருந்தது என்றே தெரியாதபோது, நிறத்தைப் பார்த்து வாங்கிவிடலாமா?

அளவுகோல்:
நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். அது தயாரிப்பாளர் போடும் சாயம். நீலத்தில் ஒரு கம்பெனி விற்பதை இன்னொரு கம்பெனி சிவப்பில் விற்கும். பார்க்க வேண்டியது டப்பாவில் இருக்கும் தர எண். ஜி11, ஜி12++, ஜி13, ஜி12 இவோ எல்லாம் ஃபோக்ஸ்வேகன் வைத்த பெயர்கள். ஜி11 சிலிகேட்டை நம்பிய பழைய ரகம். பின்னால் வந்தவற்றில் கரிம அமில உப்புகளும் கூடவே கொஞ்சம் சிலிகேட்டும் இருக்கும், ஆயுள் அதிகம். தெரியாத ஒன்றின் மேல் தெரிந்ததை ஊற்றினால் ரெண்டின் தடுப்பான்களும் ஒன்றையொன்று கெடுக்கும். சில கலவைகள் கொழகொழவென்று கட்டியாகிக் குழாயையே அடைக்கும். உங்கள் வண்டியில் பழசு முழுவதும் வெளியே வந்தே ஆக வேண்டும், மேலே கொஞ்சம் டாப்-அப் செய்து சமாளிப்பது கூடாது.

மணி அண்ணே சொன்ன வழியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. சுற்று மொத்தம் 12 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வடித்தாலும் பள்ளமான வளைவுகளில் கொஞ்சம் தேங்கும். 3 லிட்டர் என்று வையுங்கள். தண்ணீர் விட்டு அலசிய பிறகு அங்கே நிற்பது வெறும் தண்ணீர். அதன்மேல் 9 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால், உள்ளே இருக்கும் கிளைக்கால் நாலரை லிட்டர்தான். 12க்கு நாலரை என்றால் 37.5 சதவீதம். குறைந்தது 40 இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி வேண்டுமானால் அந்த 9 லிட்டரில் 6 லிட்டர் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டாகவும் 3 லிட்டர் டிஸ்டில்டு வாட்டராகவும் போக வேண்டும். அலசின தண்ணீர் எவ்வளவு திரும்பி வந்தது என்று அளந்து பார்த்தால் உள்ளே தங்கினது தெரிந்துவிடும்.

அதற்காக நல்லது என்று கூடுதலாக ஊற்றாதீர்கள். தண்ணீரே கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும். அதோடு, கிளைக்கால் ஏற ஏறச் சூட்டைச் சுமக்கும் திறனும் குறையும்.

ஸ்பேனர்மணி:
கணக்கு சரி, தம்பி. கான்சன்ட்ரேட்டே வாங்கட்டும். ஆனா காத்து விஷயத்துல வெந்நீர் தம்பி பயமுறுத்துறது அதிகம். ஆல்டே கையேட்டிலயே வழி இருக்கு. பம்ப்பை நிறுத்திட்டு, முன்பக்கத்தைத் தாங்குற சின்னச் சக்கரமான ஜாக்கி வீலை இறக்கி வண்டியின் முன்பக்கத்தை முடிஞ்ச மட்டும் தாழ்த்துங்க. சில நிமிஷம் அப்படியே விட்டா காத்து பின்பக்கமா ஏறிடும். அங்கே உசரத்துல இருக்கிற காத்துத் திருகைத் திறங்க. புஸ்ஸுன்னு வர்றது நின்னு திரவம் எட்டிப் பார்த்ததும் மூடுங்க. அடுத்து முன்பக்கத்தை உசத்தி அந்தப் பக்கத்துத் திருகு. அப்புறம் வண்டியைச் சமமா நிறுத்தி பம்ப்பை ஓடவிட்டு, தொட்டியில மட்டம் இறங்க இறங்க ஊத்திக்கிட்டே இருங்க. பொறுமை இருந்தா போதும்.

அப்படியும் சந்தேகமா? சின்ன பம்ப் ஒண்ணு வாங்கி நீங்களே டிரம்ல வெச்சுத் தள்ளுங்க. திரும்பி வர்ற ஹோஸோட வாய் டிரம்ல இருக்கிற திரவத்துக்குள்ள முங்கியே இருக்கணும். அப்போதான் குமிழ் வர்றதும் நிக்கிறதும் கண்ணுக்குத் தெரியும்.

வெந்நீர்:
தரைக்கு அடியிலும் சுற்று ஓடுகிற வண்டி என்றால் சாய்த்து எடுக்கிற முறை போதாது. அங்கே குழாய் படுத்தே கிடக்கிறது, எந்தப் பக்கம் தூக்கினாலும் மடக்கு மடக்காகக் காற்று நிற்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரம் பம்ப் வைக்கிறதாக இருந்தால் எனக்குப் பாதி மறுப்பு போய்விட்டது. ஆனால் பழைய ரப்பரில் முழு வேகத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

மலைப்பாதை:
வடிச்சதை என்ன பண்றதுன்னு யாருமே பேசலை. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் தேடி வந்து நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் போயிடும். முதல்ல லேசாத் தள்ளாடும், பிறகு தெளிஞ்ச மாதிரி தெரியும், அந்த நேரத்துல உள்ளுக்குள்ள சிறுநீரகம் கெட்டுக்கிட்டிருக்கும். நக்கிச்சோன்னு சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க, அறிகுறிக்குக் காத்திருக்காதீங்க. அதுவும் தரையிலயோ சாக்கடையிலயோ ஊத்துற பேச்சே கூடாது. மூடி இறுக்கமான கேன்ல அடைச்சு, மேல பெயர் எழுதி, அபாயக் கழிவு வாங்குற இடத்துல கொடுங்க. அலசின தண்ணியும் அதே கணக்குதான்.

நாலுசக்கரவீடு:
பிஹெச் தாள் 6க்கும் கீழே காட்டுகிறது. மாற்றுவது உறுதி. தரைக்கு அடியில் சுற்று இல்லை, சுவரோரம் மட்டும்தான். டிரம் பம்ப் வாங்கி நானே செய்யப்போகிறேன். வண்டி பழசு, வாரண்டி போய்விடும் என்ற கவலையும் இல்லை. அலசின தண்ணீருக்கும் சேர்த்து கேன் எடுத்து வைத்துவிட்டேன்.

வெந்நீர்:
அந்த அளவுக்கு இறங்கியிருந்தால், வடிப்பதற்கு முன்பே ரெண்டு மூன்று ஜாயின்ட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். கிளிப்புக்கு வெளியே பிசுபிசுப்போ வெள்ளைப் பொடியோ தட்டுப்பட்டால் அந்த ஹோஸையும் குழாய்த் துண்டையும் மாற்றாமல் பம்ப்பைப் போடாதீர்கள். குழாய் நுனி அரித்திருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், என் கருத்து அதில் மாறவில்லை. நுனி வழவழவென்று இருந்தால் நீங்களே செய்யலாம். வேலை முடிந்ததும் முழுச் சூட்டில் ஓட்டி, குழாய் நெடுகக் கை வைத்துப் பாருங்கள். ஆறின பிறகு தொட்டியில் மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த சில நாள் அது இறங்கிக்கொண்டே போனால், தரை விரிப்பைத் தூக்கி ஈரம் தேடுங்கள்.