மழைக்கு ஒரு கலகலப்பான காதல் கதை

கும்பகோணத்துப் பேத்தி:
ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டினால் போதும், எனக்குக் கனமான புத்தகம் எதுவும் ஓடாது. கொலை, துப்பறிதல் எல்லாம் கோடைக்கு இருக்கட்டும். மழைக்குச் சிரிப்பும் காதலும் கலந்த நாவல்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகிவிடும் என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதுவரை என்னென்ன கூத்தடிக்கிறார்கள் என்று பார்க்கத்தானே படிக்கிறோம்!

பழக்கிவிட்டது பாட்டி வீட்டுப் பரண். பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். நடுநடுவே தைல விளம்பரம், பாதி வெட்டுப்பட்ட ஜோக்கு. ஏழாவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் அப்படி ஒன்றை எடுத்தேன். பெண் பார்க்கப் போன கதாநாயகன் வீடு மாறி அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, கேசரியையும் சாப்பிட்டு, "பெண் பிடித்திருக்கிறது" என்றும் சொல்லிவிடுகிறான். அந்த வீட்டுப் பெண்ணோ அன்றைக்குத்தான் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போனால், கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்றிருக்கிறது.

அடுப்படியில் அடை வார்த்துக்கொண்டிருந்த சித்தியிடம் ஓடினேன். "அதுவா? முகூர்த்தப் பந்தலுக்குள்ள எருமை மாடு புகுந்துடும்டி. எல்லாரும் சிதறி ஓடறச்சே, இவன் பொண்ணு கையைப் பிடிச்சுண்டு ஓடுவான்" என்றாள். இருபது வருஷம் அந்த எருமையை நம்பியிருந்தேன். போன மாதம் பழைய புத்தகக் கடையில் அதே கதை முழுசாகக் கிடைத்தது. எருமையும் இல்லை, பந்தலும் இல்லை. பதிவுத் திருமணம், ஒரே பத்தி, முற்றும். சித்திக்குப் போன் போட்டேன்.

"நானும் கடைசி அத்தியாயம் படிச்சதில்லையே" என்கிறாள்.

குடைக்காரன்:
எனக்கு மழை என்றால் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ். 1923இல் வந்த 'லீவ் இட் டு ஸ்மித்'தை வருஷம் ஒருமுறையாவது எடுத்துவிடுவேன். பெயருக்கு முன்னால் ஓசையில்லாத ஒரு 'பி'யைத் தானே சேர்த்துக்கொண்ட ஆசாமி ஸ்மித். லண்டனில் கிளப் ஜன்னல் வழியே பார்க்கிறான், எதிரே ஒரு பெண் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். கைவசம் குடை இல்லை. அதனால் என்ன? கிளப்பில் வேறொருவர் வைத்திருந்த அருமையான குடையை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்துவிடுகிறான். அப்புறம் அவளுக்காகவே, கவிஞன் என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரு கோட்டைக்குள் விருந்தாளியாகப் போகிறான். காதல் வசனம் கொஞ்சம்தான், அசட்டுத்தனம் மூட்டை மூட்டையாக இருக்கும்.

இதைப் படித்த சூட்டில், கிண்டி ஆபீசில் ஒரு நவம்பர் மாலை, சக ஊழியரின் குடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்ணிடம் மூச்சு வாங்க நீட்டினேன். "பரவாயில்லைங்க, ரெயின்கோட் இருக்கு" என்று ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஸ்மித்துக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

மிச்சர் பொட்டலம்:
எங்கள் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. ரமணிசந்திரன் அலமாரி முக்கால்வாசி நேரம் காலியாகத்தான் கிடக்கும். இந்த வகைக் கதைகளில் பெயரும் ஊரும் கலந்து போகும், படித்ததா படிக்காததா என்று பிடிபடாது. அதனால் ஆளாளுக்கு ஒரு பக்கத்தில் ரகசியமாக ஒரு குறி போட்டு வைப்பார்கள். பதினாறாம் பக்க மூலையில் குட்டி நட்சத்திரம் போட்டிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் எடுக்கும் கலகலப்பான கதையிலெல்லாம் அது எனக்கு முன்னாலேயே இருக்கும்.

அம்மா இந்தக் கதைகளை "வெட்டிக் கதை" என்றுதான் சொல்வார். ஒரு கார்த்திகை மாதம் கரண்ட் போன இரவில், பால் கணக்கு நோட்டை மெழுகுவர்த்தியிடம் கொண்டுபோய்ப் புரட்டினேன். பணம் கொடுத்த மாதங்களுக்கு நேரே வரிசையாக அதே குட்டி நட்சத்திரம்!

கும்பகோணத்துப் பேத்தி:
அம்மாவிடம் கேட்டீர்களா? அப்புறம் குடைக்காரரே, அந்தக் குடையைத் திருப்பிக் கொடுத்தீர்களா இல்லையா?

குடைக்காரன்:
வெயில் வரட்டும், கொடுத்துவிடலாம்.