கடைசி இராப்போஜனம் பஸ்கா பந்திதானா? மாற்கும் யோவானும்

ஞாயிறுபள்ளி டீச்சர், நரிமேடு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குருத்தோலை ஞாயிறு அன்று வகுப்பில் ஒன்பதாவது படிக்கிற பெண் கேட்டாள்: "டீச்சர், இயேசு பஸ்காவைச் சாப்பிட்ட பிறகு மரித்தாரா, அதற்கு முன்னாலேயா?" பஸ்கா என்பது எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை. மாற்கு 14:12இல் பஸ்கா ஆட்டுக்குட்டியை அடிக்கிற நாளில் சீஷர்கள் இடம் கேட்கிறார்கள், அன்று ராத்திரியே பந்தி. யோவான் 18:28இல் மறுநாள் விடியற்காலையில், இனிமேல்தான் பஸ்கா புசிக்க வேண்டும் என்று யூதர்கள் தீட்டுக்குப் பயந்து, யூதரல்லாத ரோம தேசாதிபதி பிலாத்துவின் அரண்மனைக்குள் போகாமல் வெளியே நிற்கிறார்கள். இரண்டையும் வாசித்துவிட்டுக் கேட்கிற பிள்ளையிடம் "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்ன சொல்லலாம்?

திருமங்கலத்துக்காரர்:
சிஸ்டர், பண்டிகை ஒரு ராத்திரியோடு முடிவதில்லை. ஏழு நாளும் பலி உண்டு. உபாகமம் 16:2இல் ஆட்டோடு மாடும் வருகிறது. வெளியே நின்ற யூதர்கள் நினைத்தது வெள்ளிக்கிழமை பகலில் சாப்பிடும் பலிவிருந்தாக இருக்கலாம். தீட்டு பெரும்பாலும் சாயங்காலத்தோடு தீர்ந்துவிடும், ராத்திரிப் பந்திக்கு அவ்வளவு பயம் எதற்கு?

அண்ணாநகர் கத்தோலிக்க வாசகி:
எங்கள் பக்கம் இன்னொரு விளக்கம் கேட்டிருக்கிறேன். சவக்கடல் ஓரத்தில் தனியாக வாழ்ந்த கும்ரான் என்ற யூத சமூகத்துக்கு 364 நாள் காலண்டர். சரியாக 52 வாரம், அதனால் பஸ்கா வருஷா வருஷம் ஒரே கிழமையில் வரும். நம் ஊரில் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் பண்டிகை நாள் மாறுகிற மாதிரி, இயேசு அந்தக் கணக்கில் முன்னாடியே பந்தி வைத்திருக்கலாம் என்று 1957இல் ஆனி ஜோபேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுதினார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 பெரிய வியாழன் மறையுரையில் இதற்கு இடம் கொடுத்தார். பிறகு 2011இல் வந்த தன் நூலில் யோவானின் கணக்கையே எடுத்துக்கொண்டார்.

அரசரடியில் இறையியல் படித்தவன், இப்போது உசிலம்பட்டிப் பக்கம்:
டீச்சரம்மா, அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள், நல்ல கேள்வி.

திருமங்கலத்து அண்ணன் சொன்னதில் ஒரு சிக்கல். ஆட்டை அடிப்பது நிசான் என்ற யூத மாதத்தின் 14ஆம் தேதி பிற்பகலில், எருசலேம் தேவாலயத்தில்; பந்தி அன்று ராத்திரி. தீட்டுப்பட்டவன் அங்கே கால் வைக்க முடியாது. சாயங்காலம் சுத்தமாகி என்ன பயன்? காலையிலேயே பயப்பட காரணம் இருக்கிறது. கும்ரான் கணக்கிலும் இடிக்கிறது: எருசலேம் ஆசாரியர்கள் தங்கள் நாளை விட்டு வேறு நாளில் பஸ்கா ஆட்டை அடிக்க விட்டிருப்பார்களா? இயேசு அந்தக் காலண்டரைப் பின்பற்றினார் என்பதற்கும் சுவிசேஷங்களில் தடயம் இல்லை.

நான் யோவான் பக்கம் சாய்கிறேன், அதாவது பஸ்கா பந்திக்கு முன்னாலேயே, நிசான் 14இல் மரித்தார். மாற்கையே நிதானமாக வாசியுங்கள். "பண்டிகையிலே வேண்டாம், கலகம் வரும்" என்று பிரதான ஆசாரியர்கள் பேசுகிறார்கள் (14:2). யோசேப்பு துப்பட்டி வாங்குகிறார் (15:46), பண்டிகை நாளில் கடை ஏது? பந்தியில் அப்பமும் பாத்திரமும் வருகின்றன, ஆட்டுக்கறி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கி.பி. 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3 இரண்டும் வெள்ளி. இரண்டும் நிசான் 14ஆக இருந்திருக்கக்கூடிய நாட்கள் என்று வானியல் கணக்கு சொல்கிறது.

ஆனாலும் லூக்கா 22:15இல் "இந்தப் பஸ்காவை" என்று ஆண்டவர் சொல்வதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. சாவு நெருங்கிவிட்டது தெரிந்து, ஒரு நாள் முன்னதாகவே அதைப் பஸ்காவாகத் தம் பிள்ளைகளோடு வைத்துக்கொண்டார் என்று நம்புகிறேன். யோவானுக்கோ அவரே ஆட்டுக்குட்டி, அதனால்தான் எலும்பு முறிக்கப்படாததை, பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்கிற யாத்திராகமம் 12:46இன் வார்த்தைகளில் சொல்கிறார் (19:36). பவுலும் அதற்கு முன்பே "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து" என்று எழுதிவிட்டார்.

வியாழன் ராத்திரி பந்தி, வெள்ளி மரணம், மறுநாள் ஓய்வுநாள். இதில் நாலு சுவிசேஷங்களும் ஒன்றுதான். பிள்ளைக்கு முதலில் இதைச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டு கணக்கையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

டீச்சர், நரிமேடு:
ரொம்ப நன்றி ஐயா. போர்டில் எழுதுகிறேன். மாற்கு 15:25இல் மூன்றாம் மணி வேளையில் (நம் கணக்கில் காலை ஒன்பது) சிலுவையில் அறைகிறார்கள், யோவான் 19:14இல் ஏறக்குறைய ஆறாம் மணிக்கு (நண்பகல்) இன்னும் பிலாத்துவின் முன் நிற்கிறார். அவள் அடுத்து இதைத்தான் கேட்பாள். இதற்கும் யாராவது சொல்லுங்களேன்.