பீட்டா குளுக்கோஸ்தான் நிலையானது என்றால் ஸ்டார்ச்சில் ஏன் ஆல்பா?

வணக்கம். பி.எஸ்சி. உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கிறேன், கார்போஹைட்ரேட் பாடத்தில் இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்தால் வளையம் திறந்து மூடி, ஆல்பா, பீட்டா என்ற அதன் இரண்டு வளைய வடிவங்களும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருந்து கடைசியில் சமநிலைக்கு வருகிறது. ஆல்பாவின் ஒளிச்சுழற்சி (கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவு, பாகையில்) +112, பீட்டாவுக்கு +18.7, சமநிலையில் +52.7. இதை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆல்பா சுமார் 36 சதவீதம், பீட்டா 64 என்று வந்தது, புத்தகத்திலும் அதேதான். காரணமும் புரிகிறது: நாற்காலி வடிவத்தில் பீட்டாவின் ஹைட்ராக்சில் தொகுதிகள் எல்லாமே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இடிக்காமல் இருக்கின்றன, ஆல்பாவில் முதல் கார்பனில் உள்ளது மட்டும் செங்குத்தாக நிற்கிறது.

சரி, அப்படியென்றால் உருளைக்கிழங்கு ஏன் ஸ்டார்ச்சை ஆல்பா 1,4 பிணைப்பில் (ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனோடு சேர்வது) கட்டுகிறது? அதே செடிதான் செல் சுவருக்கு பீட்டா 1,4 பிணைப்பில் செல்லுலோஸும் செய்கிறது! கரைசலில் எது அதிகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா, எல்லாம் நொதியின் வேலைதானா? சங்கிலிக்குக் குளுக்கோஸைக் கொடுக்கும் மூலப்பொருள் ஸ்டார்ச்சுக்கு ஏடிபி-குளுக்கோஸ் (ADP-glucose), செல்லுலோஸுக்கு யூடிபி-குளுக்கோஸ் (UDP-glucose) என்று படித்தேன், ஆனால் இரண்டிலுமே குளுக்கோஸ் ஆல்பாவாகத்தான் ஒட்டியிருக்கிறதாம். அப்புறம் செல்லுலோஸில் மட்டும் அது எந்தக் கட்டத்தில் பீட்டாவாகத் திரும்புகிறது?

இந்தத் திருப்பம்தான் எனக்குப் பிடிபடவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் நான்தான் இதைப் பற்றிப் பேச வேண்டும், மனப்பாடம் செய்து ஒப்பிக்க விருப்பமில்லை. யாராவது கையால் ஒரு படம் வரைந்து போட்டால்கூடப் போதும்.