பழைய காரை வச்சிருக்கீங்களா, கொடுத்துட்டீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை_சிங்:

2004 மாடல் சான்ட்ரோ சிங் எங்களுது. போன தீபாவளிக்கு முன்னாடி எக்ஸ்சேஞ்சுல கொடுத்தோமுங்க. 20 வருசம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்க 10,000 ரூபாய்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. அடுத்த மாசமே சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா இறங்குச்சு. வீட்ல எல்லாரும் இதுதான் சமயம்னாங்க. கணக்குப்படி அது சரிதான், இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

மனசுல நிக்கறது வேற ஒண்ணு. வண்டிக்கு விலை போட ஒரு தம்பி வந்தாருங்க. கையில பெயின்ட் கனம் பார்க்கற மிஷின். ஒவ்வொரு கதவுலயும் வச்சு வச்சு, "இது ரீபெயின்ட், இதுவும் ரீபெயின்ட்"னு போன்ல ஏத்திக்கிட்டே சுத்தி வந்தாரு. பின்னாடி இடது கதவுல வச்சதும், "இது மட்டும் ஒரிஜினல் சார், ஆனா நசுங்கி இருக்கு, 3,000 கழியும்"னாரு. அந்த நசுங்கல், எங்கப்பா 58 வயசுல கார் ஓட்டப் பழகினப்போ ரிவர்ஸ் எடுக்கையில துவைக்கற கல்லுல இடிச்சது. டிங்கரிங் பண்ணலாம்னு எத்தனையோ தடவை சொல்லியும் அவரு விடல. "இருக்கட்டும்டா, நானும் ஓட்டினேன்னு ஒரு அடையாளம் வேணும்ல"ம்பாரு. இப்ப அவரு இல்லைங்க.

அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, அவரு வேலைய அவரு செஞ்சாரு. ஆனா சிங்காநல்லூர் சிக்னல்ல எல் போர்டு மாட்டின சான்ட்ரோ எது நின்னாலும் என் கண்ணு நேரா பின்கதவுக்குத்தான் போகுது. உங்கள்ல யாருக்காவது இப்படி இருக்குதுங்களா?

மதுரை_எண்ணூறு:

அண்ணே, நான் கொடுக்கல. 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. இந்த வண்டி உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்னுருச்சு, ஆனா கிளட்ச் பிளேட்டோ பிரேக் ஷூவோ கேட்டா இன்னைக்கும் எந்தக் கடையிலயும் எடுத்துக் கொடுக்குறாங்க. மூணு சிலிண்டர், 796 சிசி, பானெட்டைத் தூக்கினா எல்லாம் கைக்கு எட்டும். எஃப்சிக்கு கொண்டுபோனப்போ பிரேக் இன்ஸ்பெக்டரே சுத்திப் பார்த்துட்டு "நல்லா வச்சிருக்கீங்க"ன்னுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. முன்னெல்லாம் புதுப்பிக்க 600 ரூபாதான். 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு, நான் கட்டினேன். 2027ல 10,000, அதையும் கட்டத்தான் போறேன்.

என்னை உறுத்துறது பணம் இல்ல. தெற்குவாசல்ல எங்க மெக்கானிக் பாய். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து அவர்தான் பார்க்குறாரு. டாப்பெட் சத்தம் கேக்குதுன்னு போனா, நீள ஸ்க்ரூடிரைவர் நுனிய இன்ஜின் மேல வச்சு, பிடிய காதுல அழுத்திக்கிட்டு கண்ண மூடிக்குவாரு. "ரெண்டாவது சிலிண்டர்ல கொஞ்சம் லூஸு"ம்பாரு. கழட்டிப் பார்த்தா ரெண்டாவதுதான் இருக்கும். போன தடவை அதே மாதிரி வச்சாரு. ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. அப்புறம் ஸ்க்ரூடிரைவர என் கையில கொடுத்துட்டு, "தம்பி, எனக்கு முன்ன மாதிரி காது கேக்கல. பையனுக்கு லேப்டாப் மாட்டிப் பார்க்கத்தான் தெரியும், உங்க வண்டில அதை மாட்ட எடமே இல்ல"ன்னாரு.

வண்டிக்கு ஒண்ணும் ஆகல. அதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆளுக்கு வயசாயிருச்சு. இதுக்கு என்ன செய்யுறதுன்னு எனக்குப் பிடிபடல.

அம்பத்தூர்_வித்யா:

மேலே இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். அப்பா நினைவு, மெக்கானிக் பாய் எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் மதுரைக்காரர் "வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று எழுதியதை என்னால் கடந்து போக முடியவில்லை.

எங்களுடையதும் பழைய வண்டிதான், இன்ஜின் அருமையாக இருந்தது. திருச்சியிலிருந்து திரும்பும்போது மேல்மருவத்தூர் தாண்டி மழை. முன்னால் போன டேங்கர் லாரி திடீரென்று நின்றது. கணவர் பிரேக்கை முழுசாக மிதித்தார். சக்கரம் நான்கும் அப்படியே இறுகிவிட்டன, வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டார், வண்டி திரும்பவில்லை. நேராகவே போகிறது. அவர் கை ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். டேங்கரின் பின்னால் எழுதியிருந்த எழுத்து கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு முழம் விட்டு நின்றோம். பின் சீட்டில் என் மகள் முன்சீட்டின் முதுகில் நெற்றியை இடித்துக்கொண்டு, அழக்கூட இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

ஏபிஎஸ் என்பதன் வேலையே அதுதான்: சக்கரம் இறுகிப் போகாமல் விட்டு விட்டுப் பிடிக்கும், அதனால் பிரேக் மிதித்தபடியே திருப்ப முடியும். புதிதாக வரும் எல்லா கார்களுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில். அந்த ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக். 1997 வண்டியில் இரண்டும் கிடையாது. பிரேக் இன்ஸ்பெக்டர் நல்லா இருக்கு என்று சொன்னது, அந்த வண்டியில் இருக்கிற பிரேக்கைப் பற்றி மட்டும்தான். அந்த மாதமே மாற்றிவிட்டோம். இஎம்ஐ கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உறையூர்_பட்டறை:

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் மச்சான் வீட்டு வாசலில் என் கார் டேஷ்போர்டு வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் மச்சான் ஆசையாகச் சாவியைப் போட்டுத் திருப்பினார். "டக்" என்று ஒரே ஒரு சத்தம். உள்ளே தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டயர். பட்டன் தேயவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், தேதி பார்க்க மாட்டார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் வருடம் 32ஆவது வாரம் செய்த டயர். குறைவாக ஓடும் பழைய கார்களில் ரப்பர் தேய்வதற்கு முன்பே காய்ந்து வெடிப்பு விடும். வித்யா அம்மா சொன்ன மாதிரி மழையில் வழுக்கியதற்கு டயரும் காரணமாக இருந்திருக்கலாம், டயரைப் பார்த்தீர்களா?

அடுத்தது டைமிங் பெல்ட், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைப்பது. பெல்ட் வண்டியா, செயின் வண்டியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று விடாதீர்கள், வருடக் கணக்கும் உண்டு. பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதற்கேற்ற ரப்பர், சீல் எல்லாம் போட்டு வண்டி பரவலாக வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான். கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் பெட்ரோல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் அன்றே மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்க்கைப் பாதியில் விட்டுவைக்காதீர்கள், துரு பிடிக்கும்.

இன்சூரன்ஸ். 5 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. ஏஜென்ட் போட்டதே முடிவு என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கோவைத் தம்பிக்கு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன் என்கிறீர்கள், ஆர்சி பெயர் மாறிவிட்டதா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்துப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பெயர் மாறாமல் அந்த வண்டி எங்காவது இடித்தால், ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமே 2018ல் சொல்லியிருக்கிறது. எல் போர்டு வண்டியைத் தேடுவதற்கு முன் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

கோவை_சிங்:

பார்த்தேனுங்க. பெயர் மாறிருச்சு. ஓனர் பேரு பாதி மறைச்சுத்தான் வருது, ஆனா எங்கப்பா பேரு இல்லைன்னு மட்டும் நல்லாத் தெரியுது.

மதுரை_எண்ணூறு:

வித்யாக்கா, நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா நான் நாலுவழிச் சாலைக்கு அந்த வண்டிய எடுக்குறதே இல்ல. டவுனுக்குள்ள, அம்மாவ ஆஸ்பத்திரிக்கு, மாட்டுத்தாவணிக்கு, அம்புட்டுத்தான். வெளியூருக்கு பஸ்ஸு, ரயிலு. எல்லாரும் எல்லா ஓட்டத்துக்கும் ஒரே வண்டிய நினைச்சுப் பேசுறோம். மாசம் நாலு தடவை கடைக்குப் போறவன் 7 லட்சத்துக்குப் புது வண்டி வாங்கி, அதுக்கு 13 சதவீதம் சாலை வரியும் கட்டி நிழல்ல நிறுத்தணுமா? ஆனா பின்சீட்டுல பிள்ளைக இருக்குற வீட்டுக்கு உங்க பேச்சுத்தான் சரி. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. ஆனா யோசிச்சுக்குறேன்.

பட்டறை அண்ணே, ஹோஸை அழுத்திப் பார்த்தேன். பிசுபிசுன்னுதான் இருந்துச்சு. மாத்திட்டேன்.

கொக்குவில்_பெடியன்:

நீங்கள் எல்லாரும் வைச்சிருக்கிறதோ விக்கிறதோ எண்டு கதைக்கிறியள். எங்கட ஊரில அந்தக் கேள்வியே கனகாலம் இருக்கேல்ல. அப்பப்பாவிட்ட, அதாவது அப்பாவின்ர அப்பாவிட்ட, ஒஸ்ரின் ஏ40 எண்ட பழைய இங்கிலீஸ் கார். 90களில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விடுவினம். இன்ஜின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அந்த ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை அப்பப்பா சாமி அறைக்குள்ள வைச்சிருந்தவர்.

நான் பிறந்த இரவு அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனது அந்தக் காரிலதான். போத்தலில கடைசிச் சொட்டும் முடிஞ்சுது. ஆஸ்பத்திரி வாசலில அப்பப்பா இன்ஜினை நிப்பாட்டேல்ல. நிப்பாட்டினால் திருப்பி ஸ்டார்ட் எடுக்க ஒண்டும் இல்லை, ஆஸ்பத்திரியில வேற இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் என்ன செய்யிறது? விடியும்வரைக்கும் வெள்ளைப் புகையோட அது வாசலில நிண்டதாம், அவர் ஆக்சிலேற்றரில கால் வைச்சபடி இருந்தவராம். அம்மா இதைச் சொல்லேக்க எனக்கு ஒவ்வொருமுறையும் நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யும்.

2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு இஞ்ச பழைய வாகனங்களின்ர விலை ஏறிப்போச்சு, 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவங்கள். இடையில எத்தினையோ பேர் ஒஸ்ரினைக் கேட்டு வந்தவை. அப்பா, "விலை சொல்லமாட்டன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" எண்டுடுவார்.

கும்பகோணம்_அம்பாசடர்:

எங்க வீட்டு அம்பாசடரைப் போன வருஷம் கொடுத்தோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, டீசல், பழசு, ஸ்டியரிங் திருப்ப ரெண்டு ஆள் வேணும். புது கார் வந்த அன்னிக்கு அப்பாவை முதல்ல உட்கார வைக்கணும்னு கதவைத் திறந்தோம். அவருக்கு 84. அம்பாசடர்ல முதுகைக் காட்டி நின்னு, அப்படியே சீட்டுல சாய்ஞ்சு, வேஷ்டியைச் சேர்த்துப் பிடிச்சுண்டு காலை உள்ளே சுழட்டிப்பார், யார் உதவியும் வேண்டாம். அதே மாதிரி நின்னார், சாய்ஞ்சார். சீட்டு அங்கே இல்லை, இன்னும் கீழே இருந்தது. நான் பிடிச்சுட்டேன். விழலை. ஆனா அவர் முகம் சிவந்து போச்சு. அதுக்கப்புறம் கோயிலுக்குக் கூப்பிட்டா ஆட்டோவே போதும்ங்கறார். ஷோரூம்ல மைலேஜ், கேமரா, சன்ரூஃப் எல்லாம் காட்டினா. இதை யாரும் கேட்கவே இல்லை.

அம்பத்தூர்_வித்யா:

கும்பகோணம் சார், கேட்காமலே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மாமியாருக்கும் இதே பிரச்சினை. அவர் உட்காரும் நாற்காலியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். அதற்கும் கார் சீட்டுக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் என்று தெரிந்துவிடும். நல்ல கெட்டியான குஷன் ஒன்றை அந்தக் கனத்துக்குத் தைத்துப் போட்டுக் கொடுத்தோம். பஞ்சு வேண்டாம், அமுங்கிவிடும். வழுக்காத துணியாக இருக்கட்டும். தலை கூரையில் இடிக்கிறதா, பெல்ட் இடுப்பெலும்பு மேல்தான் படிகிறதா, வயிற்றில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்சீட்டைப் பின்னால் முழுக்கத் தள்ளிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், கால் சுழற்ற இடம் கிடைக்கும். முதல் தடவை தெருவில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், வீட்டு காம்பவுண்டுக்குள்ளேயே அவர் தனியாகப் பழகட்டும்.