ஹெரால்டின் கூரையை வெட்டித் திறந்த வண்டி ஆக்கலாமா? உதவி தேவை

கோவை ஹெரால்டு (கேள்வி)

வணக்கம். என்னிடம் 1966ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு, 948 சிசி. பெரியப்பா புதிதாக வாங்கி ஓட்டியது. அவர் போன பிறகு பத்து வருடம் ஷெட்டிலேயே கிடந்தது. போன தீபாவளிக்குத்தான் எஞ்சினை உயிர்ப்பித்தேன். ஓட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது.

பிரச்சினை கூரையில். மழைத்தண்ணீர் வடியும் விளிம்பு முழுக்கத் துரு. பின்கண்ணாடிக்கு மேலே ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினாலே உள்ளே இறங்கிவிடுகிறது. டிங்கரிடம் காட்டினேன். ஒட்டுப் போட்டு புட்டி வைத்து பெயின்ட் அடிக்க 45 ஆயிரம் கேட்கிறார். அப்புறம் அவரே, "கூரையை மொத்தமா வெட்டி எடுத்துடலாங்க, ஜீப்புக்குப் போடற மாதிரி படுதா போட்டுத் தரேன், 70 ஆயிரம், கட்டிங் மெஷின் வச்சா அரை நாள் வேலை" என்றார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. ஊட்டி மலையில் திறந்த ஹெரால்டில் போவது போலக் கனவு.

மனைவிக்கு ஆசைதான். பெரியம்மா மட்டும் "தலையில்லாத முண்டத்தை என் வாசலில் நிறுத்தாதே" என்கிறார்.

வெட்டினால் வண்டி தாங்குமா, ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்கள், இவைதான் என் சந்தேகம். சும்மா சொல்லி வைக்கிறேன்: டிரைவர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. கீல் தேய்ந்திருக்கும் என்றார் டிங்கர்.

டிங்கர் மகன், மதுரை

முதலில் அந்தக் கட்டிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

நீங்கள் "சும்மா" என்று கடைசியில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கூரையை அப்புறம் பேசலாம். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கீல் தேய்மானம். இன்னொன்று, வண்டியே நடுவில் தொய்ந்திருப்பது. முதலாவது சின்ன வேலை. இரண்டாவது என்றால் கூரையை எடுப்பது தற்கொலை.

கண்டுபிடிப்பது சுலபம். கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கதவு மட்டும் லொடலொடவென்று ஆடினால் கீல். ஆடவில்லை என்றால் அடுத்த சோதனை. சமதரையில் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தி, பின்விளிம்பு இடைவெளியை மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கதவுக்கு நேர் கீழே, சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிக்கூடு) பிரதான சட்டத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியை மெல்ல ஏற்றுங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டாம், பாரம் குறைந்தால் போதும். மறுபடி அளங்கள். மேல் இடைவெளி விரிந்தால் சேசிஸ் வளைகிறது என்று அர்த்தம். எண்ணைப் போடுங்கள், பேசலாம்.

வேகத்தடை

வெட்டுங்க சார்! எங்க தெருவில் ஒருத்தர் பழைய ஹாட்ச்பேக் கூரையை வெட்டி ரெண்டு வருஷமா ஓட்டுறார். ஒண்ணும் ஆகல.

டிங்கர் மகன், மதுரை

வேகத்தடை அண்ணே, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். இன்றைய கார்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. தீப்பெட்டியின் மேல் மூடியைப் பிய்த்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், தெரியும். கம்பெனிக்காரன் கூபேயை (கூரை தாழ்ந்த இரண்டு கதவு கார்) கன்வெர்டிபிள், அதாவது மடிக்கும் படுதாக் கூரை வண்டி ஆக்கும்போது கதவுக்கடிப் பெட்டியை உள்ளே தடிப்பாக்குகிறான், முன்கண்ணாடித் தூணுக்குள் எஃகுக் குழாய் வைக்கிறான், தரைக்கடியில் குறுக்குச் சட்டம் போடுகிறான். அதனால்தான் கூரையே இல்லாத வண்டி, கூரை உள்ளதைவிட எடை அதிகமாக நிற்கிறது. பட்டறையில் கூரையை எடுப்பார்கள், இதையெல்லாம் சேர்க்க மாட்டார்கள். வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேலே என்ன இருக்கும் என்பதையும் அந்தத் தெருக்காரரிடம் கேளுங்கள்.

லண்டன் பழசு

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். இங்கே என்னிடம் பதினைந்து வருடமாக ஒரு டிரயம்ஃப் ஹெரால்டு இருக்கிறது. உங்கள் வண்டிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை மதுரைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டார்: ஹெரால்டின் கூரையை யாருமே வெட்ட வேண்டியதில்லை. அது போல்ட்டில் நிற்கிறது!

கதை சுவாரசியமானது. ஐம்பதுகளில் ஸ்டாண்டர்டு டிரயம்ஃபுக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் இல்லாமல் போனது. அதனால் தனி சேசிஸ் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த பாடியைப் போல்ட் போட்டுப் பூட்டும்படி வண்டியை வடிவமைத்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிகெலோட்டி. 1959இல் வந்தபோது இரண்டு கதவு சலூன் (சாதாரண மூடிய கார்), கூபே என்று இரண்டு ரகம், 1960இல் கன்வெர்டிபிள். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான், மேலே பூட்டும் கூரைதான் வேறு. உங்கள் ஊர்க்காரர்கள் 1961இலிருந்து சென்னையில் பூட்டிய ஹெரால்டும் இதே கட்டுமானம்தான்.

முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் பின்பக்கமும் போல்ட்டுகள் இருக்கும். உள்துணியையும் ஓரப் பட்டைகளையும் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். துருப்பிடித்திருந்தால் இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அப்புறம் ஸ்பேனர், நாலு பேர், ஒரு பழைய மெத்தை. இவ்வளவு போதும். டிங்கர் அரை நாளில் வெட்டுவதை நீங்கள் ஒரு நாளில் கழற்றலாம், மறுபடி பூட்டவும் செய்யலாம். வெட்டினால் அந்த இரண்டாவது பாதி நடக்காது.

ஆனால் கூரையைக் கழற்றிவிட்டால் மட்டும் கன்வெர்டிபிள் ஆகிவிடாது. அசல் கன்வெர்டிபிளில் படுதாச் சட்டம், அது வந்து பூட்டும் முன்விளிம்பு, பின்பக்க டெக் எல்லாம் வேறு. மடிந்த படுதாவுக்கு இடம் வேண்டும் என்பதால் பின்சீட்டும் ஒடுக்கம். ஜீப் படுதாவை இதன்மேல் மாட்டினால் வேகத்தில் பலூன் மாதிரி உப்பும், மழையில் மடிமேல் கொட்டும். இங்கே சலூனை இப்படி மாற்றியவர்கள் நிறையப் பேர். விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கம்பெனி அடித்த தயாரிப்பு எண் தகட்டைத்தான் பார்ப்பார். கன்வெர்டிபிளாகவே பிறந்த வண்டி என்றால் எண்ணின் வாலில் சி.வி. என்ற எழுத்துகள் இருக்கும். இல்லையென்றால் விலை இறங்கும்.

மதுரைத் தம்பி கேட்ட அளவை எனக்கும் சொல்லுங்கள். ஹெரால்டில் கதவுக்கடிப் பட்டை வெறும் அழகுக்குத்தான், பாரம் தாங்காது. பாரமெல்லாம் சேசிஸிலும் அதிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டும் அவுட்ரிக்கர்களிலும்தான். நம் எதிரி குடியிருப்பது அங்கேதான்.

ஆர்.சி. புத்தகம்

சட்டப் பக்கம் நான். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் இருபது வருடம் நின்ற அனுபவம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் ஆர்.சி.யில் பாடி ரகம் சலூன் என்று இருக்கும். கூரையில்லாமல் ரோட்டில் நின்றால் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும், ஆய்வாளர் குனிந்துகூடப் பார்க்க வேண்டாம். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கை வைப்பதும் இதில்தான்.

இன்னொன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. 2021இல் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும், எண்ணில் வி.ஏ. என்று வரும். உங்கள் 1966 வண்டிக்கு வயதுத் தகுதி உண்டு. கூரையை வெட்டிய நொடியில் அந்தத் தகுதி போய்விடும். விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்ற அளவில்தான். ஞாயிற்றுக்கிழமை ஊட்டி ஆசைக்கு இப்போதிருக்கும் சாதாரண ஆர்.சி.யே மேல். ஆனால் பின்னால் உங்கள் பிள்ளைகள் கேட்கலாம், கதவை மூடிவிடாதீர்கள்.

கோவை ஹெரால்டு (நான்கு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நேற்று தம்பியோடு உட்கார்ந்து அளந்தேன்.

கதவைத் திறந்து ஆட்டினேன். கீலில் ஆட்டம் இல்லவே இல்லை. அப்போதே வயிறு கலங்கியது. சமதரையில் டிரைவர் பக்கம் மேலே 3 மி.மீ., கீழே 8. ஜாக்கி வைத்துப் பாரத்தை எடுத்ததும் மேலே 6, கீழே 5. கதவு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது! மறுபக்கம் அவ்வளவு மோசமில்லை, 5 என்பது 6 ஆகிறது.

அடியில் படுத்துப் பார்த்தால் எல்லாம் கறுப்பாக, கெட்டியாகத்தான் தெரிகிறது. சுத்தியலால் தட்டினால் சில இடத்தில் டங் என்கிறது, சில இடத்தில் தொப் என்கிறது.

டிங்கர் மகன், மதுரை

கறுப்பாக இருப்பது தார்ப் பூச்சு. பழைய பட்டறைகளில் துருவின் மேலேயே தாரை அப்பி அனுப்பிவிடுவார்கள். தொப் என்ற இடமெல்லாம் காகிதம்.

கூரை இருக்கும்போதே 3 மி.மீ. அசைகிறது. அந்த அழுகிய கூரைதான் இத்தனை நாள் உங்கள் சேசிஸுக்கு ஊன்றுகோலாக நின்றிருக்கிறது. வெட்டியிருந்தால் வண்டி பட்டறையிலேயே நடுவில் உட்கார்ந்திருக்கும், கதவைத் திறந்தால் மறுபடி சாத்தவே முடியாது.

வேலையின் வரிசைதான் முக்கியம். முதலில் சேசிஸ், அதற்குப் பிறகுதான் கூரை. தாரைச் சுரண்டி, கதவுக்கடிப் பட்டையைக் கழற்றுங்கள், ஸ்க்ரூதான். அவுட்ரிக்கர் அழுகியிருந்தால் மேலே தகடு ஒட்டவிடாதீர்கள், வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்து வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் கதவு சரியாகச் சாத்தும் நிலையில் வண்டியைத் தாங்க வைத்து, கதவு வாசலில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் போல்ட் போட வேண்டும். இல்லையென்றால் கோணலாகவே வெல்டு ஆகி, காலத்துக்கும் கோணல். பாட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்க்கை இறக்குங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், எங்கப்பா பட்டறைச் சுவரில் இன்னும் கரி இருக்கிறது.

லண்டன் பழசு

நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாடி சேசிஸில் உட்காரும் இடங்களில் சின்னச் சின்ன வாஷர் தகடுகள் அடுக்கியிருக்கும். கதவு இடைவெளியைச் சரி செய்வதே அவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான். எந்த இடத்தில் எத்தனை என்று கழற்றும்போதே எழுதி, தனித்தனி டப்பாவில் போடுங்கள். நான் போடவில்லை. மூன்று வாரம் போனது.

கோவை ஹெரால்டு (ஏழு வாரம் கழித்து)

தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வேறு பட்டறைக்கு மாறினேன். லாரி சேசிஸ் வேலை செய்பவர். டிரைவர் பக்கம் இரண்டு அவுட்ரிக்கரும் போய்விட்டிருந்தன, முன்னால் உள்ளது கையோடு வந்தது. பக்கச் சட்டத்தில் ஒன்றரை அடி நீளத்துக்குப் புதுசு. செலவு 62 ஆயிரம். இப்போது இரண்டு பக்கமும் மேலே கீழே 5, ஜாக்கி வைத்தாலும் அசையவில்லை.

பிறகு கூரை. நிஜமாகவே போல்ட்டுதான்! இரண்டு மட்டும் முறிந்தன. கூரையை மெத்தைமேல் கவிழ்த்துப் போட்டு உள்பக்கத்திலிருந்து அழுகலை வெட்டிப் புதுத் தகடு வைத்தார்கள். அந்த மூன்று நாளும் வண்டி வீட்டு வாசலில் கூரையில்லாமல் நின்றது. காம்பவுண்டுக்குள் நாலு சுற்று ஓட்டினேன், பொய் சொல்வானேன், சொர்க்கம். பெரியம்மாவையும் ஏற்றினேன். இரண்டாவது சுற்றில் "வெயில் மண்டையைப் பிளக்குது, நிறுத்துடா" என்று இறங்கிவிட்டார். எனக்கும் பத்து நிமிடத்தில் உச்சி சுட்டது. இந்த ஊரில் மார்கழி காலையைத் தவிர வேறு எப்போது திறந்து ஓட்டுவது?

பெயின்ட் முடிந்தது. நாளை மறுநாள் கூரையைத் திருப்பிப் பூட்டுகிறோம். ஒரே சிக்கல், முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த ரப்பர் கல்லாகி உடைந்துவிட்டது. கடையில் இருக்கும் பீடிங் எதுவும் உட்காரவில்லை. என்ன போடலாம்?

லண்டன் பழசு

கிடைத்ததைத் திணித்துப் பூட்டிவிடாதீர்கள், முதல் மழையிலேயே துரு திரும்ப ஆரம்பிக்கும். அந்த ரப்பர் இங்கே புதிதாகவே விற்கிறார்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் குறுக்குவெட்டுத் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நீளத்தையும் அளந்து சொல்லுங்கள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், பெட்டியில் இடம் இருக்கிறது.

கோவை ஹெரால்டு

படம் இன்று மாலை போடுகிறேன் அண்ணா. அதுவரை கூரை மெத்தைமேலேயே கிடக்கட்டும்.