தம்பி மகளுக்கு அடர்சுருள் முடி, அப்பத்தா பின்னலை அவிழ்த்துவிட்டார், இப்போது என்ன செய்வது?

அயித்தை_காரைக்குடி

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நாலு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. தம்பி அட்லாண்டாவில் இருக்கிறான், அவன் பொண்டாட்டி அந்த ஊர்க் கறுப்பினப் பெண், தங்கமான பிள்ளை. மகளுக்கு ஏழு வயது. லீவுக்கு இரண்டு மாதம் இங்கே இருக்கட்டும், தமிழ் பழகட்டும் என்று தம்பி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். வரும்போது தலை முழுக்க மெல்லிய மெல்லிய பின்னல், நுனியில் கலர் பாசி, வளவில் ஓடினால் கலகலவென்று சத்தம். அவள் அம்மா ஒரு பையில் ஏழெட்டு பாட்டில், வழவழவென்று ஒரு குல்லா, மூன்று பக்கம் எழுதிய காகிதம் எல்லாம் வைத்துத்தான் அனுப்பியிருந்தாள். இன்னும் மூன்று வாரம் கழித்து வீடியோவில் கூப்பிடுங்கள், சேர்ந்து அவிழ்ப்போம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். நான்தான் அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நான் பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் எங்க ஆத்தா உட்கார்ந்து மொத்தப் பின்னலையும் அவிழ்த்துவிட்டார். பிள்ளைக்குத் தலை கனக்கும், பாசி குத்தும், வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஒரு பிள்ளையா என்று அவர் நியாயம் அவருக்கு. அவிழ்த்த கையோடு நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, மோட்டார் தண்ணீரில் அலசி, நம் வீட்டுச் சீப்பை எடுத்து உச்சியிலிருந்து இழுத்திருக்கிறார். சீப்பில் இரண்டு பல் உடைந்தது. பிள்ளை அழுத அழுகை தெரு முனை வரை கேட்டதாம். நான் வரும்போது கை நிறைய முடி கொத்தாகக் கிடக்கிறது, பிடரிப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஜமுக்காளம் மாதிரி சிக்குப் பிடித்திருக்கிறது. நனைந்திருந்தபோது தோளைத் தொட்ட முடி காய்ந்ததும் காதுக்கு மேல் ஏறிவிட்டது, ஆத்தா முடி சுருங்கிப் போச்சே என்று பயந்துவிட்டார்.

தம்பி பொண்டாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. இதற்கு நடுவே குன்றக்குடிக்குக் கூட்டிப்போனோம், படியேறி முடிப்பதற்குள் ஒரு பத்துப் பேராவது பிள்ளை தலையில் கை வைத்துப் பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து "பரட்டைன்னா என்ன அயித்தை?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

சிக்கை வெட்டித்தான் எடுக்க வேண்டுமா? முடி போனது திரும்ப வருமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுருட்டைக்காரி_தேவகோட்டை

ஆச்சி, கத்தரிக்கோலை முதலில் எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தக் கொத்து முடியில் பெரும்பாலானது தானாக உதிர்ந்ததுதான். யாருக்கானாலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். நமக்கு அது சீப்போடும் தலையணையோடும் போய்விடுகிறது. பின்னலுக்குள் உதிர்ந்த முடிக்கு வெளியே போக வழி இல்லை, உள்ளேயே கிடக்கும். பின்னல் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தால் அந்த ஒரு மாத உதிர்வும் அன்றைக்கு மொத்தமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். தப்பு எங்கே நடந்தது என்றால், அந்த உதிர்ந்த முடியைக் கையால் எடுக்காமல் தண்ணீரை ஊற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்ததில். அதுதான் திரண்டு ஜமுக்காளம் ஆகிவிட்டது.

எனக்கு அவ்வளவு அடர் சுருள் இல்லை, ஆனால் சிக்கெடுத்தே வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். தலையை எட்டுப் பாகமாகப் பிரித்து, ஏழு பாகத்தைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்து, அது சொட்டாமல் ஈரமாக இருக்கும்போது கண்டிஷனரை தாராளமாகத் தடவுங்கள், தாராளமாக என்றால் நமக்கு ஒரு மாதம் வருவது அந்தப் பிள்ளைக்கு இரண்டு தடவைக்குத்தான் வரும். ஐந்து நிமிஷம் ஊறட்டும். அப்புறம் சீப்பு இல்லை, விரல். நுனியில் ஆரம்பித்து ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக மேலே ஏறுங்கள். வேர்ப்பக்கத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது, பிள்ளையும் அழமாட்டாள். விரல் தடையில்லாமல் ஓடிய பிறகு அகலப் பல் சீப்பு. முடிந்த பாகத்தை இரண்டு புரியாக முறுக்கி விட்டுவிடுங்கள், கயிறு திரிப்போமே அதே மாதிரி, இல்லாவிட்டால் அடுத்த பாகம் முடிவதற்குள் இது மறுபடி சிக்கிக்கொள்ளும். பிடரிச் சிக்குக்கு மட்டும் கண்டிஷனரோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்து, ஓரத்திலிருந்து நாலைந்து முடியாகப் பிரியுங்கள். எனக்கு ஒரு முறை அந்த மாதிரிச் சிக்கை எடுக்க எங்க அம்மாவுக்கு இரண்டு சாயங்காலம் ஆனது.

சுருங்கிப் போச்சு என்பதற்கு ஆத்தா பயப்பட வேண்டாம். நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருள் ஏறும். அந்த முடி முக்கால்வாசி நீளத்தைக்கூட உள்ளே சுருட்டி வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற கொழகொழப்பு சிக்கெடுக்க அருமை. ஆனால் மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டுங்கள். நான் ஒரு தடவை வடிகட்டாமல் போட்டுவிட்டு மூன்று நாள் தலையிலிருந்து கீரை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா65

இதற்கு இவ்வளவு பேச்சா. குலதெய்வம் கோயிலில் ஒரு மொட்டை போடுங்கள், அடுத்த முடி நேராக வளரும். இல்லையென்றால் பார்லரில் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் நேராக்கித் தருவார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் செய்தார்கள், நன்றாகவே இருக்கிறது.

பள்ளத்தூர்_டூ_க்ராய்டன்

பெரியப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மொட்டை போட்டால் மேலே இருக்கிறதுதான் போகும். முடி சுருளுவது தோலுக்கு அடியில் வேர்க்குழி வளைந்திருப்பதால், சவரக்கத்தி அது வரை போகாது. வேண்டுதல் இருந்தால் அது வேறு விஷயம், அதையும் பிள்ளையின் அப்பா அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். பார்லர் வேண்டவே வேண்டாம். அந்த வகை முடியை நேராக்கும் மருந்துகள் சிலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, சாக்கடை அடைப்பெடுக்கப் போடுகிற காஸ்டிக் சோடா அதேதான். மண்டைத்தோல் வெந்துபோனவர்கள் உண்டு. 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வில், இந்த மாதிரி மருந்துகளை அடிக்கடி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு?

ஆச்சி, நான் இங்கே லண்டன் க்ராய்டனில் நர்ஸ். பக்கத்து வீடு கானாக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வீட்டம்மா மூன்று பெண்பிள்ளைகளையும் வரிசையாகத் தரையில் உட்காரவைத்துக் காலிடுக்கில் தலையைப் பிடித்துப் பின்னுவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்க ஆயா திண்ணையில் பேன் பார்த்ததுதான் ஞாபகம் வரும். அவரிடமிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

நமக்கு மண்டையில் ஊறுகிற எண்ணெய்ப் பசை முடி வழியாக வழிந்து நுனி வரை போய்விடும். ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கிற முடியில் அது இறங்காது. அதனால் மண்டையில் பசை இருந்தாலும் நுனி காய்ந்தே கிடக்கும், ஒவ்வொரு வளைவும் உடைகிற இடம். அந்த முடிக்கு வேண்டியது தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீர் போகாமல் மூடி வைக்கத்தான். காய்ந்த முடியில் எண்ணெய் வைத்தால் வறட்சியைத்தான் பூட்டிவைக்கிறோம். முதலில் நனை, அப்புறம் கிரீம், அப்புறம் எண்ணெய், அவர் சொல்கிற வரிசை இதுதான். தலைக்குக் குளிப்பது வாரம் ஒன்றோ பத்து நாளைக்கு ஒன்றோ போதும். ஆத்தாவுக்கு வெள்ளிக்கிழமைதான் வேண்டுமென்றால் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி ஊற்றட்டும், நடுவெள்ளி தண்ணீர் தெளித்துத் தடவிவிடட்டும், இரண்டு பேருக்கும் திருப்தி. ஊருணியில் குதிக்கப் போகிறாள் என்றால் போகும் முன்னால் நல்ல தண்ணீரில் தலையை நனைத்து எண்ணெய் தடவி அனுப்புங்கள்.

பையில் கறுப்பாக, கருகின வாசனையோடு ஒரு எண்ணெய் இருந்தால் அது ஜமைக்கா விளக்கெண்ணெயாக இருக்கும். ஆமணக்கை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்கள். நம் ஊரில் அப்பத்தாக்கள் கொல்லையில் காய்ச்சிய விளக்கெண்ணெய் வேறு என்ன? ஆத்தாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். மஞ்சளாகக் கட்டியாக இருப்பது ஷியா வெண்ணெய், மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது, உள்ளங்கையில் தேய்த்து உருக்கிவிட்டுத் தடவுங்கள்.

அந்தக் குல்லா ராத்திரிக்கு. பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும், முடியையும் பிடித்து இழுக்கும். சாட்டின் அல்லது பட்டு வேண்டும்.

அப்புறம் தலையில் கை வைப்பவர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே பஸ்ஸில்கூட அதைத்தான் அனுபவிக்கிறார். அமெரிக்காவில் இந்த முடிக்காக வேலையிலும் பள்ளியிலும் யாரையும் ஒதுக்கக்கூடாது என்று 2019இல் கலிபோர்னியா தனிச் சட்டமே போட்டது, அப்புறம் வேறு பல மாநிலங்களும் போட்டன. அங்கேயே சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நம் சனத்தை என்ன சொல்வது. நீங்கள் பக்கத்தில் நின்று "தொடாதீங்க, பிள்ளைக்குப் பிடிக்காது" என்று தமிழில் சத்தமாகச் சொன்னால் போதும். அவள் சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் தம்பி பொண்டாட்டிக்கு போன் போடுங்கள்.

உப்புத்தண்ணி

மேலே எல்லோரும் சொன்னதோடு ஒன்று. மோட்டார் தண்ணீர் உப்பாக இருந்தால் எந்த முடியும் சொரசொரவென்றுதான் ஆகும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு சொம்பு குடிதண்ணீர். மழை பெய்தால் வளவு ஓரத்தில் அண்டாவை வையுங்கள், ஓடு கழுவிப் போகிற முதல் தண்ணீரை விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள்.

அயித்தை_காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே போன் பண்ணிவிட்டேன். இரண்டு நிமிஷம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "அவிழ்த்ததைவிட நீங்கள் நாலு நாள் சொல்லாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருக்கிறது" என்றாள். நியாயம்தான், மன்னிப்புக் கேட்டேன். இன்று காலையில் போனைத் தூணில் சாய்த்துவைத்து, அங்கே அவளுக்கு ராத்திரி, கொட்டாவி விட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தாள். எட்டுப் பாகத்தில் ஐந்து முடிந்தது. பிடரிச் சிக்கு பாதி வந்துவிட்டது, கத்தரி படவில்லை. மீதி நாளைக்கு.

ஆத்தா முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாலையிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கெண்ணெய் சமாச்சாரத்தைச் சொன்னதும் எழுந்து வந்து பாட்டிலை முகர்ந்து பார்த்து, "இது கொஞ்சம் தீய விட்டுட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி இரண்டு பாகத்தை முறுக்கியது அவர்தான், என்னைவிட நேர்த்தி. கொண்டுவந்த குல்லா கொஞ்சம் பெரிதாக இருந்து ராத்திரி கழன்று விழுகிறது என்று, தன் பழைய பட்டுச் சேலையில் ஜரிகை இல்லாத பக்கமாக வெட்டி ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறார்.

பரட்டைக்கு அர்த்தம் சொல்லிவிட்டேன். சீவாத முடியைத் திட்டுகிற வார்த்தை, உன் முடி சீவின முடி, அதனால் அது உனக்கு இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப காலையில அயித்தை தலைதான் பரட்டை" என்கிறாள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இவளுக்கும் மல்லிகை வைக்க வேண்டுமாம். பின்னல் இல்லாத தலையில் சரம் எப்படி நிற்கும்? ஊசி குத்தப் பயமாக இருக்கிறது.

சுருட்டைக்காரி_தேவகோட்டை

முடியை மேலே தூக்கி, இறுக்காமல் ஒரு துணிப் பட்டை போட்டு உருண்டையாக விடுங்கள். அந்த உருண்டையின் அடியைச் சுற்றி சரத்தை வளையமாகக் கட்டுங்கள், நார் முடிச்சு பின்பக்கம் வரட்டும். ஊசியே வேண்டாம், அந்த முடியே பிடித்துக்கொள்ளும். ஒரு முழம் பத்தாது, ஒன்றரை முழம் வாங்குங்கள்.